லட்சம் தாண்டினால் வண்டி முடிந்ததா? – பட்டறை அண்ணாச்சி பதில்கள்

வள்ளியூரில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருப்பவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி.

கேள்வி: என்னுடையது நூறு சிசி வண்டி. வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. மீட்டர் 98,000-ஐத் தொட்டுவிட்டது. "லட்சம் தாண்டினால் இன்ஜின் போச்சு, அதற்கு முன்னால் தள்ளிவிடு" என்கிறார் மச்சான். விற்றுவிடலாமா அண்ணாச்சி?
– பள்ளி ஆசிரியர், திசையன்விளை

பதில்: உங்கள் மச்சான் பழைய வண்டி ஏவாரம் ஏதும் பார்க்கிறாரா? சும்மா கேட்டேன்.

லட்சம் என்பது மீட்டரில் ஒரு சைபர் கூடுகிற இடம், அவ்வளவுதான். ஆனாலும் அதற்குள் இன்ஜினில் என்ன நடந்திருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு சிசி வண்டி டாப் கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இன்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 5,000 சுற்று சுற்றும். அப்படியென்றால் ஒரு கிலோமீட்டருக்கு 6,000 சுற்று. லட்சம் கிலோமீட்டருக்கு 60 கோடி. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கும். தடவைக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள். ரோட்டில் வண்டி லட்சம் ஓடும்போது, சிலிண்டருக்குள்ளேயே பிஸ்டன் 60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும்.

இவ்வளவு உரசியும் போர், அதாவது சிலிண்டரின் உள்சுவர், எவ்வளவு தேய்ந்தால் இன்ஜின் வேலை வரும் தெரியுமா? பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர். உங்கள் பிள்ளைகள் எழுதுகிற நோட்டில் ஒரு தாளின் கனம். அந்த ஒரு தாள் கனம் நாற்பதாயிரத்திலேயே தேய்ந்த வண்டியும் என் பட்டறைக்கு வந்திருக்கிறது. ஒன்றரை லட்சம் ஓடியும் தேயாத வண்டியும் வந்திருக்கிறது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல்.

வித்தியாசம் எங்கே வருகிறது? பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் ஆயில் ஒரு படலமாக நிற்கிறது. அது நிற்கிற வரைக்கும் இரும்பும் இரும்பும் தொடாது, தேய்மானமும் பேருக்குத்தான். அந்தப் படலம் அறுகிற இடங்கள் சில உண்டு. பிஸ்டன் மேலே போய் ஒரு கணம் நின்று திரும்புகிற இடம் ஒன்று. சூடு அதிகம், ஆயில் குறைவு. அதனால்தான் சிலிண்டரைக் கழற்றினால் மேல்பக்கம் மட்டும் விரல் நகத்துக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு விளிம்பு தெரியும். இரண்டாவது, ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்கிற நேரம். ஆயில் எல்லாம் கீழே வடிந்திருக்கும்.

மூன்றாவது தூசி. திசையன்விளைக்காரருக்கு இதுதான் பெரிய விஷயம். குட்டம், இடையன்குடிப் பக்கம் தேரிச் செம்மணல் காற்றில் எப்படிப் பறக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணல் என்பது படிகக்கல். வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியாத பொடி ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் ஆயிலோடு கலந்து சாணைப் பசையாகிவிடும். ஃபில்டர் மாற்றுகிறவர்கள்கூட ஃபில்டர் பெட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாயைப் பார்ப்பதில்லை. பதினோரு வருஷ ரப்பர் வெடித்திருக்கும். அதில் ஒரு கீறல் இருந்தால் போதும், எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டும் வீண். குழாயைக் கழற்றி உள்பக்கம் வெள்ளைத் துணியால் துடையுங்கள். செம்மண் நிறம் ஒட்டினால் வழி கண்டுபிடித்தாயிற்று.

இப்போது உங்கள் வண்டியை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்குங்கள். ஓர் இடத்தில் எதிர்த்து நிற்க வேண்டும். நிற்காமல் சொத்தென்று இறங்கினால் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை அமுக்குகிற பலம், குறைவு. அப்படி இருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி மறுபடி அமுக்கிப் பாருங்கள். இப்போது எதிர்த்து நின்றால் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங், போர் தேய்மானம். அப்போதும் தொளதொளவென்று போனால் கோளாறு வால்வில்.

புகையும் பேசும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று நீலப்புகை வந்து அப்புறம் நின்றுவிட்டால் வால்வு சீல், சின்ன வேலை. முறுக்கும்போதெல்லாம் புகை தொடர்ந்து வந்தால் ரிங். கறும்புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, தேய்மானத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மார்கழிக் காலையில் வெள்ளையாக ஆவி மாதிரி வந்து மறைவது வெறும் தண்ணீர், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. வண்டிக்கு ஒரே வயது கிடையாது. உங்கள் வண்டியில் டயர் இதற்குள் நான்கைந்து மாறியிருக்கும். செயின் செட் ஐந்தாறு, பிரேக் ஷூ அதேபோல. டைமிங் செயின் ஒரு தடவையாவது மாற்றியிருப்பீர்கள். மாற்றவில்லை என்றால் ஹெட்டின் இடதுபக்கம் கரகரவென்று அதுவே கூப்பிடும். முன்னால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங், போயிருந்தால் ஹேண்டில் நேராக வைக்கிற இடத்தில் 'டக்'கென்று ஒரு பள்ளத்தில் விழுகிற மாதிரி இருக்கும். இதெல்லாம் தேய்வதற்கென்றே செய்த சாமான்கள். இவற்றை மாற்றும் செலவைப் பார்த்து வண்டி முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். புகை இல்லை, ஆயில் குறையவில்லை, சேஸிஸில் வெடிப்பு இல்லை என்றால் விற்காதீர்கள். மச்சானுக்கு வேறு வண்டி பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: களக்காட்டிலிருந்து நாங்குநேரி, வள்ளியூர் ஓட்டல்களுக்கு வாழை இலைக்கட்டு போடுகிறேன். பின்னால் எப்போதும் நூறு கிலோ இருக்கும். கம்பெனி கிளட்ச் பிளேட்டே போட்டும் சீக்கிரம் சீக்கிரம் போய்விடுகிறது.
– இலை வியாபாரி, களக்காடு

பதில்: நூறு சிசி வண்டிக்குக் கம்பெனி சொல்கிற சுமை ஓட்டுகிறவரையும் சேர்த்து 130 கிலோ அளவுதான். நீங்கள் அறுபது கிலோ என்று வைத்தாலும் கணக்கு எங்கேயோ போகிறது. சரி, பிழைப்பு அது. கட்டைக் குறையுங்கள் என்று சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை.

கிளட்ச் தேய்வது ஓடும்போது அல்ல, பிடித்தும் பிடிக்காமலும் அரைகுறையாக இருக்கும்போது. ஓட்டல் சந்துகளில் இரண்டாவது கியரிலேயே அரைக் கிளட்ச் பிடித்து உருட்டுவீர்கள். முதல் கியருக்கு வாருங்கள். செயின் சுற்றுகிற முன் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் போட்டால் சுமையோடு கிளம்புவது இலகுவாகும், கிளட்ச் பிழைக்கும். ஆனால் அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதல் சுற்று சுற்ற வேண்டும், பெட்ரோல் கொஞ்சம் கூடும். உங்கள் வேலைக்கு அது லாபம்தான்.

ஆயில் டப்பாவையும் பாருங்கள். ஜாசோ எம்ஏ (JASO MA) என்று பைக் ஆயிலுக்கான தரக்குறி போட்டிருக்க வேண்டும். நம் வண்டிகளில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஊறிக் கிடக்கிறது. காருக்கு விற்கிற வழுவழுப்பு கூடிய ஆயிலை மலிவாகக் கிடைக்கிறது என்று ஊற்றினால் புதுப் பிளேட்டும் வழுக்கும். அப்புறம் பின்சக்கர ஸ்போக்ஸை மாதம் ஒருமுறை தட்டிப் பாருங்கள். சத்தம் மாறி, மொத்தையாகக் கேட்கிற ஸ்போக் தளர்ந்திருக்கிறது.

கேள்வி: ஆயில் மாற்றி ஆயிரம் கிலோமீட்டரிலேயே கறுத்துவிட்டது. கலப்பட ஆயிலா?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: கறுப்பாவது அழுக்கைத் தன்மேல் வாங்கிக்கொள்வதால். நல்ல ஆயில் அப்படித்தான் இருக்கும். நிறத்தை விடுங்கள், அளவைப் பாருங்கள் தம்பி. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு அளவுக்குச்சியைப் பாருங்கள். கறுத்த ஆயிலால் வீணான இன்ஜினைவிட, குறைந்துபோன ஆயிலால் வீணான இன்ஜின்தான் என் பட்டறையில் அதிகம்.

கேள்வி: எங்கள் ஸ்கூட்டர் வாங்கி ஏழு வருஷம். வெறும் 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. நானும் மகளும் தவிர யாரும் தொட்டதில்லை. கடை, கோயில், டியூஷன், அதற்குமேல் போனதில்லை. ஆனால் இன்ஜின் வேலை வந்துவிட்டது என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
– குடும்பத்தலைவி, கல்லிடைக்குறிச்சி

பதில்: ஏமாற்றவில்லை அம்மா, நடக்கக்கூடியதுதான். நீங்கள் எழுதியிருக்கிற பட்டியலிலேயே காரணம் இருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தால் அது ஆவியாக சைலன்சர் வழியாகப் போய்விடும். குளிர்ந்த இன்ஜினில் அதில் கொஞ்சம் ஆயிலுக்குள் இறங்கும். எரியாத பெட்ரோலும் சுவர் வழியாக வடிந்து ஆயிலில் சேரும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஒரே ஓட்டமாக ஓட்டினால் ஆயில் சூடாகி இந்தத் தண்ணீரும் பெட்ரோலும் வெளியேறிவிடும். உங்கள் வண்டி கோயில் வாசலில் நின்றுவிடுகிறது. இன்ஜின் சூடாவதற்குள் அணைக்கிறீர்கள், ஆறியதும் மறுபடி ஸ்டார்ட். தேய்மானத்தில் பெரும்பங்கு இந்த முதல் சில நிமிஷங்களில்தான். அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் திருநெல்வேலிக்கு வேலைக்குப் போய்வருகிறவரின் வண்டி 14,000 கிலோமீட்டரை ஒரு வருஷத்துக்குள் ஓடிவிடும். ஆனால் நாளுக்கு இரண்டே ஸ்டார்ட். உங்கள் 14,000-க்குள் எத்தனை ஆயிரம் ஸ்டார்ட் அடங்கியிருக்கும் என்று யோசியுங்கள்.

அதோடு, குறைவாக ஓடுகிற வண்டிக்கு யாரும் ஆயில் மாற்றுவதில்லை. "இன்னும் மூவாயிரம் ஆகலையே" என்பார்கள். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம், உங்களைப் போன்றவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இன்ஜின் வேலை முடிந்த பிறகு வாரத்தில் ஒருநாள் பாபநாசம் வரை ஒரு ஓட்டம் போய் வாருங்கள். வண்டிக்கும் நல்லது, படித்துறையில் உங்களுக்கும் காற்று.

டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3218 என்று இருந்தால் 2018-ம் வருஷம் 32-வது வாரம் செய்தது. பட்டன் எல்லாம் புதிதாகத் தெரிந்தாலும் ஏழு வருஷ ரப்பர் இறுகிப்போயிருக்கும். சாரல் விழுந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் வழுக்கும். பின்னால் பெல்ட்டும் அதே வயதுதான். கழற்றிய கையோடு அதையும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய வண்டி ஒன்று பார்த்திருக்கிறேன். 2016 மாடல், மீட்டர் 23,000 காட்டுகிறது. ஒரே ஓனர், லேடீஸ் ஓட்டியது என்கிறார் புரோக்கர். நம்பலாமா?
– காற்றாலை ஊழியர், பணகுடி

பதில்: லேடீஸ் ஓட்டியது என்று சொல்லாத புரோக்கரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு மாதக்கணக்கில் ஓட்டலாம். மீட்டரையே மாற்றலாம். டிஜிட்டல் மீட்டரையும் திருத்துகிற ஆட்கள் வந்துவிட்டார்கள். அதனால் மீட்டரைப் பார்த்த கண்ணை அப்படியே கீழே இறக்குங்கள். பிரேக் பெடல் நுனியிலும் கியர் லிவரிலும் உள்ள வரிகள் தேய்ந்து பளபளவென்று இருக்கிறதா? கால்வைக்கிற ரப்பர் ஒரு பக்கம் மொட்டையா? கைப்பிடி புதிதாக மாற்றியிருந்தால் பழையது என்ன ஆனது என்று கேளுங்கள். 23,000 ஓடிய வண்டியில் இதெல்லாம் இவ்வளவு தேயாது. மீட்டர் பின்பக்கத்துத் திருகுகளில் ஸ்க்ரூடிரைவர் பட்ட தழும்பு இருந்தால் பேச்சு முடிந்தது. இரண்டு டயரிலும் தேதி பாருங்கள். 23,000-க்குள் முன்டயர் பொதுவாக மாறாது. அது 2021-ல் செய்த டயர் என்றால் ஏன் மாறியது என்பதற்கு ஒரு பதில் வேண்டும். பதில் இருக்கலாம், உடைமுள் கிழித்தது என்று சொன்னால் நம் ஊரில் அதுவும் நடப்பதுதான்.

பின்சக்கரத்தைச் சென்டர் ஸ்டாண்டில் தூக்கி, இரண்டு கையாலும் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். அசைவு இருந்தால் பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மின் புஷ் அல்லது பேரிங் போயிருக்கிறது. காலையில் வீட்டுக்குப் போய், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே இன்ஜின் சூடாக இருந்தால் காரணம் இல்லாமல் இருக்காது.

கடைசியாக, வண்டி எந்த ஊரில் ஓடியது என்று கேளுங்கள். மீட்டரைவிட எனக்கு அது முக்கியம். உங்கள் பணகுடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கு எதிரே போகிற நூறு சிசி வண்டி முழு முறுக்கில் இருந்தாலும் ஐம்பதைத் தாண்டத் திணறும். அதே வண்டி நாங்குநேரி ரோட்டில் கார்த்திகை மாதம் பாதி முறுக்கில் அதே வேகம் போகும். மீட்டரில் இரண்டும் ஒரே கிலோமீட்டர்தான். கல்குவாரிக்கு ஓடிய வண்டி என்றால் 23,000 உண்மையாக இருந்தாலும் யோசியுங்கள்.

கேள்வி: புது வண்டியை முதல் ஆயிரம் கிலோமீட்டர் நாற்பதிலேயே ஓட்ட வேண்டுமா?
– புது வண்டிக்காரர், அம்பாசமுத்திரம்

பதில்: ஒரே வேகத்தில் உருட்டத்தான் கூடாது. ரிங்கும் போரும் ஒன்றுக்கொன்று படிய வேண்டுமென்றால் வேகம் ஏறி இறங்க வேண்டும். முழுமுறுக்கு வேண்டாம், டாப் கியரில் முப்பதில் திணற வைக்கவும் வேண்டாம். முதல் ஆயிலை மட்டும் கையேட்டில் சொன்ன இடத்தில், தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள். புது இன்ஜின் உதிர்க்கிற இரும்புப்பொடி முழுக்க அதில்தான் இருக்கும்.

கேள்வி: எக்ஸெல் வண்டியில் மீன் ஏவாரம். இன்ஜின் நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு வருஷத்தில் சைலன்சர் ஓட்டை, ரிம் துரு, கேரியர் ஒடிந்துவிட்டது. வண்டியில் தப்பா, என் கையில் தப்பா?
– மீன் வியாபாரி, உவரி

பதில்: இரண்டிலும் இல்லை, உப்பில். கடற்கரை ஊர்களில் வண்டி இன்ஜினால் சாவதில்லை. கூடங்குளம், இடிந்தகரை, உங்கள் உவரி எல்லாம் ஒரே கதைதான்: இன்ஜின் கிண்ணென்று இருக்கும், அதைத் தாங்குகிற இரும்பு உதிர்ந்திருக்கும்.

உங்களுக்குக் காற்றில் வருகிற உப்பு போதாதென்று மீன்பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீரும் வடிகிறது. அது வடிகிற வழியைப் பாருங்கள்: கேரியர் அடி, பின் ஷாக் அப்சார்பர், செயின், பின்பிரேக் டிரம். பெட்டிக்கு அடியில் ஒரு மூலையில் மட்டும் துளை போட்டு, டியூப் சொருகி, தண்ணீர் தரையில் விழுகிற மாதிரி விடுங்கள். இந்த ஒரு வேலையே பாதித் துருவை நிறுத்தும். ஏவாரம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவுங்கள். சீட்டும் டேங்கும் அழுக்காகவே இருந்தாலும் பரவாயில்லை. காய்ந்த பிறகு செயினில் ஆயில் விடுங்கள்.

கழுவின வண்டிமேல் டீசல் அடிக்கிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. இரும்புக்குக் கொஞ்ச நாள் பாதுகாப்புதான், ஆனால் ரப்பர் புஷ்ஷும் டயரும் ஊதிப்போகும். பிரேக் டிரம்முக்குள் போனால் சவம் பிரேக்கே பிடிக்காது. வேண்டாம்.

கேரியர் ஒடிந்த இடத்தை வெல்டிங் வைப்பதற்கு முன், அது சேஸிஸோடு சேர்கிற இடத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். துரு பாளமாக உதிர்ந்தால் வெல்டிங் நிற்காது. அந்தச் சேஸிஸில் மீன்பெட்டி ஏற்றாதீர்கள்.

கேள்வி: சவுதியில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறேன். வண்டி ஓடாமலே கெட்டுப்போகிறது. தம்பியிடம் தினமும் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். சரிதானே?
– கடையநல்லூர் வாசகர்

பதில்: தம்பியை நிறுத்தச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிஷம் ஓடினால் ஆயில் சூடாகாது. கல்லிடைக்குறிச்சி அம்மாவுக்குச் சொன்ன அதே தண்ணீர்க் கதைதான். ஓட்டினால் பத்துக் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

நிற்கிற வண்டியில் முதலில் போவது பெட்ரோல். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாள்பட்டால் தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் நின்று துருப்பிடிக்க வைக்கும். கார்புரேட்டர் வண்டி என்றால் ஜெட் அடைத்துக்கொள்ளும். அதனால் கிளம்புவதற்கு முன் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள். புது ஆயில் மாற்றிவிட்டுப் போங்கள். ஓடித் தேய்ந்த ஆயிலில் அமிலம் இருக்கும், அது இரண்டு வருஷம் பேரிங்குகளில் ஊறக்கூடாது. பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்பக்கம் அடியில் ஒரு கட்டை கொடுத்தால் டயர் ஒரே இடத்தில் அமுங்காது. சைலன்சர் வாயில் துணி அடைத்துக் கட்டுங்கள், குளவி கூடு கட்டிவிடும். அந்தத் துணியை எடுக்க வேண்டும் என்று சாவியில் ஒரு சீட்டு எழுதிக் கட்டுங்கள்.

அல்லது தம்பிக்கே வண்டியைக் கொடுத்துவிடுங்கள். வண்டிக்கு அதுதான் பிடிக்கும்.

கேள்வி: தாத்தாவின் பழைய புல்லட் இன்னும் ஓடுகிறது. இன்றைய வண்டிகள் இப்படி உழைக்குமா?
– புல்லட் பிரியர், தென்காசி

பதில்: இதைச் சொன்னால் கோபப்படுவீர்கள். அந்தப் புல்லட் தேயாமல் ஓடவில்லை. தேயத் தேயப் புதுப்பித்ததால் ஓடுகிறது. சென்னையில் 1955 முதல் புல்லட் வர ஆரம்பித்தது. அந்தப் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினில் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடின் பெரிய முனையில் புஷ்தான் இருக்கும், உருளை பேரிங் கிடையாது. ஆயில் பம்ப்பும் பலம் குறைந்தது. தாத்தா காலத்தில் ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டுவது சாதாரண வேலை. உங்கள் வீட்டில் பழைய ரசீதுகள் இருந்தால் எடுத்துப் பாருங்கள், எத்தனை பிஸ்டன் மாறியிருக்கிறது என்று.

இன்று வருகிற சாதாரண நூறு சிசி வண்டியே திறக்காமல் அதைவிட அதிக தூரம் ஓடும். ஆனால் பழையதில் எது போனாலும் லேத்தில் கடைந்து போட்டுவிடலாம். பிஎஸ் 6 என்கிற புகை விதிப்படி வருகிற வண்டியில் சென்சாரோ கன்ட்ரோல் யூனிட்டோ போனால் கடைய முடியாது. சாமான் கம்பெனியிலிருந்து வர வேண்டும். இருபது வருஷம் கழித்து அந்தச் சாமான் கிடைத்தால் இன்றைய வண்டியும் ஓடும். எனக்குச் சந்தேகம் அந்த இடத்தில்தான், இரும்பில் அல்ல.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் என் வண்டி இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. அப்போதே ஆயில் மாற்றி ஓட்டிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. இப்போது இன்ஜினுக்குள் ஊங்காரம் மாதிரி சத்தம் வருகிறது. வெள்ளத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– விவசாயி, ஸ்ரீவைகுண்டம்

பதில்: உண்டு. அந்த டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தண்ணீர் வடிந்த பிறகு பட்டறை வாசலில் சேறும் சகதியுமாக வண்டிகள் வரிசையில் நின்றன. அதில் கொஞ்சப் பேர் தண்ணீர் வடியாமலே கிக்கரை மிதித்துப் பார்த்துவிட்டு வந்தவர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது மிதித்தால் தண்ணீர் சுருங்காது. கனெக்டிங் ராட்தான் வளையும். நீங்கள் அதைச் செய்யவில்லை போலிருக்கிறது. நல்லது.

ஆனால் ஒரு தடவை ஆயில் மாற்றியது போதாது. பால் கலந்த டீ நிறத்தில் ஆயில் வந்தால், அந்த நிறம் போகிற வரைக்கும் இரண்டு மூன்று தடவை ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, வடிக்க வேண்டும். இரண்டு நாள் தண்ணீர் நின்ற பேரிங் குண்டுகளில் சின்னச் சின்னத் துருப்புள்ளி விழுந்திருக்கும். அன்றைக்குச் சத்தம் வராது. ஓட ஓட அந்தப் புள்ளி ஓரத்தில் இரும்பு செதிள் செதிளாகப் பெயரும், குழி பெரிதாகும், அப்புறம்தான் ஊங்காரம். பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வருவதால் யாரும் வெள்ளத்தை நினைப்பதில்லை.

நியூட்ரலில் முறுக்கிப் பாருங்கள். இன்ஜின் சுற்றோடு சத்தம் ஏறினால் கிராங்க் பேரிங். கிளட்ச் பிடித்ததும் சத்தம் மாறினால் கியர்பாக்ஸ் பக்கம். ஓடும்போது இன்ஜினை அணைத்து உருட்டினாலும் கேட்டால் சக்கர பேரிங், அது மலிவு. கிராங்க் என்றால் தள்ளிப்போடாதீர்கள். பேரிங் உடைந்து இன்ஜின் சீஸ் ஆனால், அதாவது இறுகி நின்றுவிட்டால், வெளிக்கூடான கேஸும் சேர்ந்து போகும். இப்போது இறக்கினால் பேரிங், ஆயில் சீலோடு முடியும். பின்சக்கரம், கோன்செட் பேரிங்குகளையும் அதே கையோடு பார்த்துவிடச் சொல்லுங்கள், அவையும் அதே தண்ணீரில் கிடந்தவைதான்.

கேள்வி: பதினைந்து வருஷம் ஆனால் வண்டியை உடைக்கக் கொடுத்துவிட வேண்டுமாமே?
– பீடிக் கடைக்காரர், மேலப்பாளையம்

பதில்: அது டெல்லிப் பக்கத்து உத்தரவைக் கேட்டுவிட்டு வந்த பயம். நமக்கு ஆர்.சி. 15 வருஷம் செல்லும். முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார், பசுமை வரி கட்ட வேண்டும், இன்சூரன்சும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும். ஐந்து ஐந்து வருஷமாக நீட்டித்துக்கொள்ளலாம். கொண்டுபோவதற்கு முன் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நன்றாக இருந்தும் லைட் எரியாமல் திரும்பி வருகிறவர்கள் அதிகம்.

கேள்வி: இன்ஜின் புகை அடிக்கிறது. ரீபோர் போடலாம் என்கிறார் ஒருவர், புது பிளாக் செட் போடு என்கிறார் இன்னொருவர். எது நிற்கும்?
– ஆலங்குளம் வாசகர்

பதில்: இரும்பு ஸ்லீவ் உள்ள பிளாக் என்றால் ரீபோர், அதாவது போரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைவது, தாராளமாகப் போடலாம். 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும். முதல் ரீபோர் என்றால் இன்னும் இடம் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு மில்லிமீட்டர் வரை கடைந்த பிளாக் என்றால் சுவர் மெலிந்து சூடு தாங்காது, புது செட்டுக்குப் போங்கள். சில புது மாடல்களில் ஸ்லீவுக்குப் பதில் பூச்சு மட்டும் இருக்கும், அதைக் கடைய முடியாது.

ரீபோர் நிற்பதும் நிற்காததும் லேத்காரர் கையில். பிளாக்கை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வராதீர்கள். பிஸ்டனை முதலில் வாங்கி, பிளாக்கோடு சேர்த்து அவர் கையில் கொடுங்கள். அந்தப் பிஸ்டனை அளந்துதான் போர் போட வேண்டும். டப்பாவில் எழுதியிருக்கிற அளவை நம்பிக் கடைந்தால் இறுக்கமாகி சீஸ் ஆகும், அல்லது தளர்ந்து ஆறே மாதத்தில் திரும்பப் புகையும். கடைந்த பிறகு ஹோனிங் கல் போட்டுக் குறுக்கும் மறுக்குமாகக் கோடு விழ வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தால் ஆயில் நிற்காது, திருப்பிக் கொடுங்கள். ஹெட்டையும் இறக்கியிருக்கிறீர்கள் அல்லவா, வால்வு சீல் இரண்டும் டைமிங் செயினும் இப்போதே மாற்றிவிடுங்கள். பழைய செயினை மறுபடி மாட்டச் சொல்லி மெக்கானிக்கை வற்புறுத்தாதீர்கள்.